என்.எம். பெரேராவின்ர காலம்: வெங்காயக் காசும் கூப்பன் அரிசியும்

இணுவிலான்:
வணக்கம் எல்லாருக்கும். கன நாளா மனசில கிடக்கிற விசயம், இங்க பொருளியல் தெரிஞ்ச ஆக்களும் இருக்கினம் எண்டபடியால் தனி இழையாவே திறக்கிறன்.

எங்கட பக்கம் வயசான கமக்காரர் ஆரிட்டயும் போய் எந்த அரசாங்கம் நல்ல அரசாங்கம் எண்டு கேட்டுப்பாருங்கோ. காலம்பூரா தமிழரசுக்கட்சிக்கே வோட்டுப் போட்ட மனுசனா இருந்தாலும் "சிறிமாவின்ர காலம்தான்" எண்டு சொல்லும். வெங்காயமும் மிளகாயும் வெளியில இருந்து வாறது நிண்டுபோச்சு, விலை ஏறிச்சு, துலா மிதிச்ச இடத்தில வாட்டர் பம்ப் வந்துது, ஓலைவீடு கல்வீடாச்சு. இணுவில், உரும்பிராய், கோப்பாய், நீர்வேலிப் பக்கம் இண்டைக்கும் நிக்கிற கன கல்வீடு அந்த நாளில கட்டினது.

பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின்ர காலம் எண்டு சொல்லுறம், ஆனா 1970 மே தொடக்கம் 1975 செப்ரெம்பர் வரைக்கும் திறைசேரி இருந்தது நிதி அமைச்சர் என்.எம். பெரேராவின்ர கையில. லண்டன் ஸ்கூல் ஒஃப் இகனாமிக்ஸில ஹரோல்ட் லஸ்கியிட்டப் படிச்சு டொக்டர் பட்டம் எடுத்து, அதுக்கு மேல டி.எஸ்.சி.யும் எடுத்த மனுசன், ரொட்ஸ்கியவாதி (ரொட்ஸ்கி வழி வந்த இடதுசாரி), 1935ல லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினவைக்குள்ள ஒருத்தர். இவரைப் பற்றித் தமிழில ஒழுங்கா ஆரும் எழுதினதா நான் காணேல்லை. எங்கட கமக்காரர் நன்றியோட நினைக்கிற அந்த அஞ்சு வருசம் உண்மையில அவர் யோசிச்சுச் செய்த வேலையா, இல்லாட்டி டொலர் இல்லாத கஷ்டத்தில தானா வந்து விழுந்த அதிர்ஷ்டமா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கோட்டை ரயில்:
நல்ல இழை தம்பி. முதல்ல ஆள் ஆர் எண்டதைச் சொல்லவேணும், ஏனெண்டால் இப்பத்தையப் பிள்ளையளுக்கு என்.எம். எண்டால் ஒரு சிலையும் ஒரு வீதிப்பேரும்தான்.

1934-35ல மலேரியா வந்து நாட்டில ஒரு லட்சத்துக்குக் கிட்டச் சனம் செத்துது. கேகாலைப் பக்கம் நிவாரணம் குடுக்கப் போன இளம் ஆக்களில இவரும் ஒருத்தர். பருப்பு காய்ச்சிக் குடுத்தபடியால் சிங்களச் சனம் "பருப்பு மாத்தையா" எண்டு கூப்பிட்டுது. அந்தப் பேரோடதான் 1936ல ருவான்வெல தொகுதியில நிண்டு அரசாங்க சபைக்கு, அதாவது அந்த நாளையச் சட்டசபைக்குப் போனார். பிறகு தோட்டத் தொழிலாளருக்குள்ள சங்கம் கட்டினவை, 1940 ஜனவரியில முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில பொலிஸ் சுட்டு கோவிந்தன் செத்தது இந்தக் காலத்திலதான். அதே வருசம் ஜூனில என்.எம்., பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி எண்டு நாலு பேரையும் வெள்ளைக்காரன் பிடிச்சு அடைச்சான். 1942 ஏப்ரலில கண்டி போகம்பரைச் சிறையில இருந்து காவலாளியையும் கூட்டிக்கொண்டே வெளியில வந்தினம், பிறகு என்.எம்.மும் பிலிப்பும் கடலைத் தாண்டி இந்தியாவுக்குப் போய், 1943ல பம்பாயில பிடிபட்டினம்.

1948ல பிரஜாவுரிமைச் சட்டம் வந்தநேரம் மலையகத் தமிழற்ற உரிமைக்காக எதிர்த்து வோட்டுப் போட்ட கட்சி இது. எங்கட ஜீ.ஜீ. பொன்னம்பலம் கொஞ்ச நாளில அந்த அரசாங்கத்திலயே மந்திரியானார் எண்டதையும் சேர்த்து நினைச்சுப் பாருங்கோ.

1953ல ஜே.ஆர். ஜயவர்த்தன நிதி அமைச்சர், ஒரு கொத்து அரிசி 25 சதத்தில இருந்து 70 சதமாச்சு. ஓகஸ்டில ஹர்த்தால். அதை முன்னுக்கு நிண்டு நடத்தினதும் என்.எம். தான். பிரதமர் டட்லி பதவியை விட்டுப்போனார். அரிசி விலையில கை வைச்சால் அரசாங்கம் கவிழும் எண்டு நாட்டுக்குப் படிப்பிச்ச மனுசன் பிறகு அதே நிதி அமைச்சுக் கதிரையில வந்து இருக்கிறார். எனக்கு இவற்ற கதையில பெரிய இடம் அதுதான்.

தாமிரபரணி:
இந்தப் பக்கம் தமிழ்நாட்டுல இருந்து ஒரு வாசகன். எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை இந்தக் கட்சியில இருந்து வந்தவர்தானே? யாழ்ப்பாணத்துக்காரர், சென்னைக்கு வந்து பி அண்ட் சி மில் தொழிலாளர் தலைவரா 1947 ஸ்ட்ரைக்கை நடத்தினார், 1957ல வடசென்னை எம்.பி. கூட ஆனார். எங்க தாத்தா பெரம்பூர்ல மில் வேலை பார்த்தவர், அவர் பேரைச் சொன்னாலே எழுந்து நிப்பார்.

கோட்டை ரயில்:
ஓம், அவரேதான். சமசமாஜக் கட்சிக்காரர் யுத்தகாலத்தில இந்தியாவுக்குப் போனதில அவர் அங்கயே நிண்டிட்டார்.

வட்டிவீதம்:
இணுவிலான் அண்ணைக்கு நேரடியாப் பதில் சொல்லுறன், நான் ஏ.எல். பிள்ளையளுக்குப் பொருளியல் படிப்பிக்கிற ஆள், அதால கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

1970ல இலங்கைக்கு வெளிநாட்டுக் காசு வாற வழி மூண்டுதான்: தேயிலை, றப்பர், தெங்கு. அந்தக் காசில பெரும்பங்கு அரிசி, கோதுமை மா, சீனி வாங்கவே போச்சு. தேயிலை விலை உலகச் சந்தையில கீழ போய்க்கொண்டிருக்கு, வாங்கிற சாமான் விலை மேல போய்க்கொண்டிருக்கு. 1973ல எண்ணெய் விலை நாலு மடங்கானது, அதோட மாவும் சீனியும் பசளையும் சேர்ந்து ஏறிச்சு. ஆர் அந்தக் கதிரையில இருந்திருந்தாலும் வெங்காயத்துக்கும் செத்தல் மிளகாய்க்கும் டொலர் குடுத்திருக்கேலாது. உருளைக்கிழங்கு இறக்குமதியை டட்லி அரசாங்கமே முதல் நிப்பாட்டிட்டுது. ஆகவே தடை எண்டது முழுக்க என்.எம். மூளையில உதிச்சது எண்டு சொல்ல வராது, ஆனால் அதை இறுக்கிப் பிடிச்சது இவற்ற காலம்.

இதில இன்னொரு சங்கதி இருக்கு, ஆக்கள் கவனிக்கிறது குறைவு. எஃப்.ஈ.ஈ.சி. எண்டு ஒரு முறை, வெளிநாட்டுச் செலாவணி உரித்துச் சான்றிதழ். 1968ல டட்லி காலத்தில வந்தது, என்.எம். அதை எடுக்கேல்லை, 1972ல வீதத்தை 65 ஆக்கினார். எப்பிடி வேலை செய்யும் எண்டால், ஒரே நாட்டில டொலருக்கு இரண்டு விலை. அரிசி, மா, சீனி, மருந்து வாங்கிறதுக்கு மலிவு விலை. மற்றச் சாமான் இறக்கினால் அதுக்கு மேல 65 வீதம் கட்டவேணும். ஏற்றுமதியிலயும் அப்பிடித்தான், புதுசா ஏதும் சாமான் ஏற்றினால் அந்த 65 வீதம் கூடக் கிடைக்கும், ஆனால் தேயிலை, றப்பர், தெங்குக்கு அது கிடையாது, அதுக்கெல்லாம் மலிவு விலைதான். அதாவது தேயிலைத் தோட்டம் உழைச்ச டொலரை அரசாங்கம் குறைஞ்ச ரூபாய் குடுத்து எடுத்து, அந்த டொலரில முழு நாட்டுக்கும் மலிவு அரிசி வாங்கிக் குடுத்தது. நாட்டுக்குச் சோறு போட்டது ஆர் எண்டு இதில இருந்து விளங்கிக்கொள்ளலாம்.

கொழுந்துக்கூடை:
வட்டிவீதம் சார் கடைசியா சொன்னத படிச்சிட்டு சும்மா இருக்க முடியல.

நான் ஹட்டன் பக்கம். எங்க அப்பாயி இன்னைக்கும் 74 பஞ்சம்னுதான் சொல்லும். வயசு கேட்டா தெரியாது, பிறந்த வருசம் தெரியாது, ஆனா பஞ்சத்துக்கு முன்ன, பஞ்சத்துக்கு பின்னன்னு காலத்த அப்படித்தான் பிரிச்சி சொல்லும். கூப்பனுக்கு குடுக்குற ரேஷன் அரிசி கொறஞ்சிது, கோதுமை மாவுக்கு வெல ஏறிச்சி, தோட்டத்துல எங்க ஆளுங்க முக்கால்வாசி ரொட்டி தின்னுதான் வாழ்ந்தாங்க, அந்த மாவே கெடைக்கல. கொழும்புல இருக்கவன் மரவள்ளி நட்டு தின்னான், யாழ்ப்பாணத்துல காணி இருந்திச்சி, கிராமத்து சிங்கள ஆளுங்களுக்கு பலாமரமாச்சும் இருந்திச்சி. லயத்துல, தோட்டத்து லைன் வீட்டுல இருக்கவனுக்கு என்ன இருக்கு, வாசப்படிக்கு முன்னால பாத்தி போடுற அளவு எடந்தான். அரிசி வெளியில வாங்கிட்டு வரவும் முடியாது, ஒரு மாவட்டத்துல இருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டு போகக்கூடாதுன்னு தடை, ரோட்டுல செக்கிங். பேர் போடுற நாளும், அதாவது வேல குடுக்குற நாளும் கொறஞ்சி போச்சி. அப்பாயி மரவள்ளி எலைய அவிச்சி புள்ளைங்களுக்கு குடுத்ததா சொல்லும், கெழங்கு கெடைக்காத நாள்ல எலை. தோட்டப்பகுதியில செத்தவங்க கணக்கு 1974ல மேல போனது அரசாங்க பதிவுலயே இருக்கு. டவுன்ல, கொழும்பு புறக்கோட்டையில எல்லாம் தோட்டத்து ஆளுங்க கைநீட்டி நின்னாங்க.

பொருளியல் படிச்சவரு, எங்க ஆளுங்களுக்கு சங்கம் கட்டுனவரு, 48ல எங்களுக்காக பேசுனவரு. எல்லாம் சரி. அந்த வருசம் நிதி அமைச்சர் யாருங்கண்ணே?

இணுவிலான்:
தங்கச்சி, நீங்கள் எழுதினது மனசைப் போட்டு ஆட்டுது. எங்கட வீடுகளில இதை ஒருத்தரும் கதைச்சதே இல்லை. பாண் கியூவும், சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு தேத்தண்ணி குடிச்சதும், சாப்பாட்டுக்கடையில சில நாள் சோறு விக்கக்கூடாது எண்டு சட்டம் போட்டதும் சொல்லுவினம். ஆனா பட்டினி எண்ட சொல் எங்கட பக்கம் வாறதில்லை.

கோட்டை ரயில்:
கொழுந்துக்கூடை பிள்ளை சொல்லுறதை மறுக்க ஏலாது. இன்னும் ஒண்டு சேர்க்கிறன். 1964 ஜூனில சமசமாஜக் கட்சி சிறிமாவோட கூட்டுச் சேர்ந்து என்.எம். முதல் தடவை நிதி அமைச்சரானார். ரொட்ஸ்கியவாதிகளின்ர உலக அமைப்பான நாலாம் அகிலம் கட்சியை வெளியில போட்டது, பாலா தம்பு, எட்மண்ட் சமரக்கொடி ஆக்கள் பிரிஞ்சு போச்சினம். அதே ஒக்ரோபரில சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புறது, 3,00,000 பேருக்கு இங்க பிரஜாவுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பாப்பம் எண்டு. சனத்தை ஒரு வார்த்தை கேக்காமல் இரண்டு அரசாங்கம் பங்குபோட்டது. 1948ல எதிர்த்து வோட்டுப் போட்ட மனுசன் 1964ல அந்த மந்திரிசபையில இருக்கிறார். டிசெம்பரில அரசாங்கமே ஒரு வோட்டால கவிழ்ந்துது, ஆனால் ஒப்பந்தம் நிண்டுட்டுது.

மொழி விசயமும் அப்பிடியே. 1956க்கு முன்னம் சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து எண்டு சொல்லி, கூட்டத்தில கல்லெறி வாங்கின கட்சி. 1966 ஜனவரியில டட்லி தமிழ் மொழிப் பிரமாணங்களைக் கொண்டுவரேக்க அதை எதிர்த்த ஊர்வலத்தில சிறிமா கட்சியோட சேர்ந்து நிண்டுது. பத்து வருசத்தில இவ்வளவு தூரம்.

விசுவமடு மிளகாய்:
நான் இந்த இழையில எழுதாமல் போனால் ஆர் எழுதுறது.

விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படிச்ச வாலிபர் குடியேற்றத் திட்டத்தில காணி எடுத்து மிளகாய் செய்த கூட்டத்தில நானும் ஒருத்தன். காடு வெட்டி, கட்டை பிடுங்கி, முதல் வருசம் பாம்பும் மலேரியாவும்தான் விளைச்சல். பிறகு மிளகாய் விலை ஏறிச்சுது பாருங்கோ, அதுவரைக்கும் மோட்டச்சைக்கிளில ஏறி அறியாத பெடியள் ட்ரக்டர் எடுத்தாங்கள். செத்தல் காயப்போட்ட சாக்கு மேல நிண்டு பார்த்தால் கண்ணுக்கெட்டின தூரம் சிவப்பு, ராவில பனி விழும் எண்டு எல்லாத்தையும் சுருட்டி மூடிப்போட்டுக் காலமை திரும்ப விரிக்கவேணும், ஒரு மழை பெய்தால் கறுத்துப்போகும், விலை பாதியாப்போகும். அதால செத்தலுக்குப் பக்கத்திலயே பாய் போட்டுப் படுக்கிறது.

அந்த வேலை எல்லாம் ஆர் செய்தது? இதைத்தான் நான் சொல்ல வந்தன். 73, 74ல மலைநாட்டில இருந்து சனம் குடும்பம் குடும்பமா வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்துது. சாப்பாட்டுக்கு வழியில்லாமல் வந்த சனம். பிடுங்குறது, பழம் ஆயுறது, காயப்போடுறது, தரம் பிரிக்கிறது எல்லாம் அவை. இணுவிலான் தம்பி கேட்ட கல்வீட்டுக் காசும் தங்கச்சி சொல்லுற பஞ்சமும் எங்கட மிளகாய்த் தோட்டத்தில ஒண்டா வேலை செய்ததை நான் கண்ணால கண்டனான்.

வட்டிவீதம்:
ஐயா எழுதினது எந்தப் புத்தகத்திலயும் இப்பிடி இல்லை. இதைப் பொருளியலாச் சொன்னால், இறக்குமதித் தடையால உள்ளூரில செய்து விக்கிறவனுக்கு லாபம், காசு குடுத்து வாங்கித் தின்னுறவனுக்கு நட்டம். யாழ்ப்பாணத்துக் கமக்காரன் விக்கிற ஆள். தோட்டத் தொழிலாளி ஒரு நெல்லுக்கூட விக்கிறதில்லை, எல்லாத்தையும் வாங்கவேணும், அதுவும் நாள்கூலியில. அந்தக் கூலியும் தேயிலையில இருந்து வாறது, அந்தத் தேயிலைக்கு மேல நான் சொன்ன மலிவு டொலர்க் கணக்கு. ரண்டு பக்கத்தாலயும் அடி விழுந்தது அந்தச் சனத்துக்குத்தான்.

தாமிரபரணி:
ஒரு சந்தேகம். அவர் 1970ல நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சார்னு எங்கயோ படிச்சேன். எங்க ஊர்ல 2016ல நடந்த மாதிரியேவா?

வட்டிவீதம்:
ஓம். 1970 ஒக்ரோபரில 50 ரூபாய், 100 ரூபாய் நோட்டு செல்லாது எண்டு அறிவிச்சார். வங்கியில கொண்டுபோய்க் குடுக்கவேணும். வரி கட்டாமல் பெட்டிக்குள்ள வைச்சிருந்த கறுப்புப் பணத்தை வெளியில எடுக்கிறதுதான் நோக்கம். அப்ப 100 ரூபாய் எண்டது பெரிய காசு, கூலிச்சனம் கையில கண்டிராது, அதால உங்கட 2016 மாதிரி ஏழைச்சனம் வங்கி வாசலில நாள்க்கணக்கா நிண்டு அந்தரப்படேல்லை. வியாபாரிமாருக்குத்தான் வயித்தைக் கலக்கினது.

அதோட வருமானத்துக்கு உச்சவரம்பு, வரி போக மாசம் 2,000 ரூபாய்க்கு மேல எடுக்கேலாது, மிச்சம் கட்டாயச் சேமிப்பு. இன்னொரு பக்கம் இரத்தினக்கல் ஏற்றுமதி செய்யிறவைக்கு 1972ல சலுகை, உழைச்ச வெளிநாட்டுக் காசில ஒரு பங்கைத் தங்கட கணக்கில வைச்சு வெளிநாட்டுச் சாமான் இறக்கலாம், பயணம் போகலாம். அதுவரைக்கும் கள்ளமாப் போன கல்லெல்லாம் முறையா ஏற்றுமதியாகத் தொடங்கிச்சுது. இந்த ஒரு திட்டம் பேப்பரில போட்ட கணக்குப்படி அப்பிடியே பலிச்சுது. சோசலிஸ்ட் எண்டாலும் மனுசர் எதுக்கு அசைவினம் எண்டு தெரிஞ்சு செய்தது, எனக்கு அவற்ற வேலையில ஆகப் பிடிச்சது இதுதான்.

பிடிக்காதது அந்த 25 சதம். 1971 பட்ஜெட்டில அரசாங்க ஆஸ்பத்திரி வெளிநோயாளர் டிக்கெற்றுக்கு 25 சதம் வைச்சார். வாற சனம் உடன குறைஞ்சு போச்சு. வருமானம் எண்டு பார்த்தால் ஒண்டும் பெரிசா இல்லை.

கோட்டை ரயில்:
அந்த 25 சதத்தை நானும் மறக்கேல்லை. ஆனால் அவரை நியாயமாப் பார்க்கவேணும் எண்டால் மற்றதையும் சொல்லவேணும். கூப்பனில முந்திக் குடுத்த இரண்டாவது கொத்து அரிசியைத் திரும்பக் குடுப்பம், சந்திரனில இருந்தாலும் கொண்டுவந்து குடுப்பம் எண்டு சிறிமா தேர்தலில சொன்னது. வெண்டு வந்த பிறகு அதை 75 சதத்துக்குக் குடுத்தினம். கணக்குப் பார்க்கிறது என்.எம்., கைதட்டு வாங்கினது மற்றவை. பிறகு 1971 ஏப்ரலில ஜே.வி.பி. எண்ட சிங்கள இடதுசாரி வாலிபரின்ர கிளர்ச்சி, அதை அடக்கின செலவு. மானியத்தைக் குறைக்கவேணும் எண்டு அவர் கேக்கிற நேரமெல்லாம் சிறிமா கட்சி எம்.பி.மார் விடேல்லை. தேசியமயம், காணிச்சீர்திருத்தம், வீட்டு உச்சவரம்பு எண்டு ஒவ்வொண்டும் வேற வேற மந்திரியின்ர கையில. உணவு வர்த்தகம் இலங்கரத்ன, கமத்தொழில் ஹெக்டர் கொப்பேகடுவ. ஐ.எம்.எஃப். எண்ட சர்வதேச நாணய நிதியத்தோட 1971லயும் 1974லயும் கடன் ஒப்பந்தம் எழுதினதும் இதே என்.எம். காலத்திலதான், ஒரு ரொட்ஸ்கியவாதிக்கு அது எவ்வளவு கசந்திருக்கும்.

கொழுந்துக்கூடை:
அண்ணே நீங்க சொல்றது எல்லாம் அவரு பக்கத்து கஷ்டம். நான் அத இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு கேள்வி. கொழும்பு ஆளுங்களுக்கு பாண் கொறஞ்சா எம்.பி.மாருங்க கத்துனாங்க, மானியத்துல கை வைக்க விடலன்னு நீங்களே சொல்றீங்க. அவங்களுக்கு ஓட்டு இருந்திச்சி. எங்க ஆளுங்கள்ல முக்கால்வாசி பேருக்கு ஓட்டு கெடையாது, பாதி பேரு இந்தியாவுக்கு போற லிஸ்ட்ல, மீதி பேரு பதிவாகல. எங்களுக்காக யாரு எந்திரிச்சி கத்துவா? 53ல அரிசி வெலைக்காக நாட்டையே நிறுத்துனவருக்கு 74ல லயத்துல என்ன நடக்குதுன்னு தெரியாம இருக்க சான்ஸே இல்ல. சங்கம் அவருகிட்ட இருந்திச்சி, தோட்டத்துறை அமைச்சு அவங்க கட்சி கொல்வின்கிட்டதான் இருந்திச்சி. அதனாலதான் எனக்கு ஜே.ஆர். மேல வர்ற கோவத்த விட இவரு மேல வர்ற கோவம் கூட. நம்ம ஆளுன்னு நெனச்சிருந்தவங்க மேலதான் அந்த மாதிரி கோவம் வரும்.

நிர்வாகி:
தரப்படுத்தல், 1972 அரசியலமைப்பு பற்றி வந்த சில பதிவுகளைத் தனி இழைக்கு மாத்தியிருக்கிறம். இங்க நிதி அமைச்சுக் காலத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கோ.

தாமிரபரணி:
இன்னொண்ணு கேக்கணும். அவரோட டாக்டர் பட்டமே ஜெர்மனி வைமார் அரசியலமைப்பு பத்தினதுன்னும், டி.எஸ்.சி. நாடாளுமன்ற நடைமுறைகள் பத்தினதுன்னும் படிச்சேன். அப்ப அவர் நிஜமாவே பொருளாதார நிபுணரா, இல்ல அரசியல் அறிவியல் ஆளா?

வட்டிவீதம்:
நல்ல கேள்வி. ஆராய்ச்சி ரெண்டும் அரசியலமைப்புப் பக்கம்தான். லண்டனில அந்த நாளில பொருளியலும் அரசியலும் ஒரே கூரைக்குள்ள படிப்பிச்சது. பாராளுமன்றத்தில இருபது, முப்பது வருசம் ஒவ்வொரு பட்ஜெட்டையும் கிழிச்சுப் பேசினதில வந்த பொருளியல் அவற்றது. எதிர்க்கட்சித் தலைவரா இரண்டு தடவை இருந்தவர். பட்ஜெட் ஆவணத்தை அவரளவுக்கு வாசிக்கத் தெரிஞ்ச ஆள் அந்த மந்திரிசபையில வேற இல்லை.

ஆனால் தேயிலைக்கு விலை விழேக்க, எண்ணெய் ஏறேக்க, ஒரு சின்னத் தீவு எப்பிடித் தப்புறது எண்டதுக்கு அவரிட்ட விடை இருக்கேல்லை. இருந்ததைப் பங்கிடுறதுக்கு நல்ல கை, புதுசா உண்டாக்கிறதுக்கு வழி தெரியேல்லை. பிரிவு அபிவிருத்திச் சபை எண்டு கிராமம் கிராமமா வாலிபருக்கு வேலை குடுக்கிற திட்டம் ஒண்டு தொடங்கினவை, எதிர்பார்த்த வேலைவாய்ப்பில சின்னப் பங்குகூட வரேல்லை.

இணுவிலான்:
அப்ப எங்கட கமக்காரர் ஆருக்கு நன்றி சொல்லுறது? 1982 ஜனாதிபதித் தேர்தலில யாழ்ப்பாண மாவட்டத்தில குமார் பொன்னம்பலத்துக்கு அடுத்ததா வந்தது ஹெக்டர் கொப்பேகடுவ, 35 வீதம், ஜே.ஆரை விடக் கூட. தெற்கில இருந்து வந்த ஒரு சிங்கள வேட்பாளருக்கு யாழ்ப்பாணத்தில அவ்வளவு வோட்டு. 77க்குப் பிறகு ஜே.ஆர். அரசாங்கம் இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட, வெங்காயமும் மிளகாயும் கப்பலில வந்து இறங்கி, எங்கட ஆக்கள் சுன்னாகம் சந்தையில வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கையை உதறிக்கொண்டு வந்ததின்ர கோவம் அது. அதே தேர்தலில என்.எம்.மின்ர தோழர் கொல்வினும் நிண்டவர், அவருக்கு அங்க கிடைச்சது சொல்லக்கூடிய வோட்டு இல்லை. கமக்காரன் கமத்தொழில் மந்திரியை நினைச்சான், நிதி மந்திரியை நினைக்கேல்லை.

கோட்டை ரயில்:
தம்பி சொன்ன 82 கணக்கு முக்கியம். 1975 செப்ரெம்பரில தோட்டக் கம்பனிகளைத் தேசியமயமாக்கிறது ஆற்ற அமைச்சுக்குக் கீழ வரவேணும் எண்ட சண்டையில சமசமாஜக் கட்சியைச் சிறிமா வெளியில அனுப்பினார். 1977ல கட்சிக்கு ஒரு சீற்றும் இல்லை, என்.எம். தன்ர எட்டியாந்தோட்டைத் தொகுதியிலயே தோத்தார். கடைசிக் காலத்தில 78 அரசியலமைப்பைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார், நிறைவேற்று ஜனாதிபதி முறை எங்க கொண்டுபோய் விடும் எண்டு. அரசியலமைப்பில தொடங்கின படிப்பு, கடைசி எழுத்தும் அரசியலமைப்பு. 1979 ஓகஸ்ட் 14ல போய்ச்சேர்ந்தார். கிரிக்கெட் சபைக்கும் தலைவரா இருந்தவர் எண்டதை இளம் ஆக்கள் ஒருத்தரும் நம்பமாட்டினம்.

ஆள் தன்ர பேருக்கு ஒண்டும் சேர்க்காத மனுசன் எண்டு எதிரியும் ஒத்துக்கொள்ளுவான். அதை நான் பெரிசா மதிக்கிறன். ஆனால் கொழுந்துக்கூடை பிள்ளை கேட்ட கேள்விக்கு என்னட்ட மறுமொழி இல்லை, அவற்ற கட்சிக்காரர் எழுதினதில நான் வாசிச்ச எதிலயும் 74ம் ஆண்டுத் தோட்டத்தைப் பற்றி நேரா ஒரு பக்கம் இல்லை.

கொழுந்துக்கூடை:
நன்றிங்கண்ணே. விசுவமடு ஐயாகிட்ட ஒண்ணு கேக்கணும். எங்க அப்பாயியோட தங்கச்சி குடும்பம் அந்த நேரம் கிளிநொச்சிப் பக்கம் போனாங்க, அப்பறம் 77 கலவரத்துக்கு பின்னாடி இன்னும் கொஞ்சம் பேரு போனாங்க. மொளகா தோட்டத்துல வேல செஞ்ச எங்க ஆளுங்களுக்கு அங்க காணி ஏதும் கெடைச்சிச்சா? உங்களுக்கு கெடைச்ச மாதிரி?

விசுவமடு மிளகாய்:
பிள்ளை, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்லுறன். எங்களுக்குக் காணி தந்தது பேர் பதிஞ்சு, பத்திரத்தோட. வந்த சனத்துக்கு அப்பிடி இல்லை, பிரஜாவுரிமை இல்லாத ஆளுக்கு அரசாங்கக் காணி குடுக்க வழியில்லை எண்டு சொல்லிப்போடுவினம். காட்டுக்கரையில கொஞ்சம் வெட்டிக் கொட்டில் போட்டு இருந்தினம், சில முதலாளிமார் தங்கட காணியின்ர ஓரத்தில இருக்க விட்டினம், விட்டதுக்குப் பதிலாக் கூலியில குறைச்சவையும் இருக்கினம். பிறகு சில தொண்டர் அமைப்புகள் குடியிருத்தின இடத்தில கொஞ்சப் பேருக்குக் காணி கிடைச்சுது. என்னோட வேலை செய்த ஒரு குடும்பத்தின்ர பேரப்பிள்ளையள் இப்பவும் தர்மபுரம் பக்கம் இருக்கினம், இருக்கிற காணிக்கு இண்டைக்கும் பெர்மிற் இல்லை. உங்கட அப்பாயியின்ர தங்கச்சி எந்தத் தோட்டத்தில இருந்து வந்தவ எண்டு தனிமடலில போடுங்கோ, நான் விசாரிச்சுப் பார்க்கிறன்.